தொப்பி விளிம்பு

செவ்வாய்க்கிழமை ஆலையில் ஓட்ஸ் வறுக்கிற நாள். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தால் கார்வர் பெண்ட் ஊர் முழுக்க வறுத்த தானிய வாசம் மணக்கும். தெற்கேயிருந்து வந்தால் சோளமாவுத் தொட்டிகளின் புளிச்ச நாற்றம்தான். அன்றைக்குத் தெற்குக் காற்று. வில்மா பெனெஷ் சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு, கொலாச்சி ரொட்டிக்குப் பொங்கியிருந்த மாவை மேஜைமேல் போட்டு முஷ்டியால் குத்தினாள். அந்த மாவுக்கு அவ்வளவு குத்து தேவையே இல்லை.

அவள் புருஷன் லாடி மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செய்தித்தாள் கிடந்தது. தலைப்பு கண்ணில் படக்கூடாதென்று வில்மா மடித்து வைத்திருந்தாள். மடித்தும் பாதி வெளியே தெரிந்தது. 'லாடியின் கை, ஊரின் கண்ணீர்.'

"மூணு நாளாச்சு. மெர்ல் போன் பண்ணானா?" என்றாள் வில்மா.

"வேலையா இருப்பான்."

"என்ன வேலை? சீசன் முடிஞ்சுது. தோத்தாச்சு. பேட்டை மூட்டை கட்டறதுக்கு மேனேஜர் எதுக்கு?"

"விடு வில்மா."

"எப்படி விடறது? நான் பாத்தேன் லாடி. மூணாவது வரிசையில உக்காந்து இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். மெர்ல் தொப்பி விளிம்பை ரெண்டு தடவை தொட்டான். நீ நம்பாம திரும்பவும் அவனைப் பாத்தே. திரும்பவும் தொட்டான். அப்புறம்தான் நீ கையைத் தட்டினே."

"பாத்ததை உன்னோட வச்சுக்க. சைகை பெஞ்சை விட்டு வெளிய வரக்கூடாது."

"அந்தச் சட்டம் உனக்கு மட்டும்தானா? பேப்பர்காரன் கேட்டப்போ அவன் என்ன சொல்லியிருக்கான் பாரு. 'அதை லாடியைத்தான் கேக்கணும். மூணாவது பேஸ்ல நிக்கறவன் கை, அவனோட கை.' ஆஹா! என்ன நாக்கு!"

லாடி காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். முகம் கோணியது. ஆறின காப்பி என்பதாலா, வேறு எதனாலா என்று வில்மா கேட்கவில்லை.

லாடிக்கு ஐம்பத்தாறு வயது. ஒன்பது வருஷம் பேஸ்பால் ஆடினார் என்று ஊரில் சொல்வார்கள். ஒன்பது வருஷம் உட்கார்ந்தார் என்று சொன்னால் இன்னும் சரி. லாடியின் இடமான இரண்டாவது பேஸில் நின்று ஆடியது மெர்ல் டிரம்மண்ட். மெர்லுக்கு ஜுரம் வந்தால் லாடிக்கு ஆட்டம். மெர்லுக்கு விரல் பிசகினால் லாடிக்கு ஆட்டம். முந்தின நாள் மெர்ல் ரொம்பக் குடித்திருந்தாலும் லாடிக்கு ஆட்டம்தான், ஆனால் மெர்ல் குடித்துவிட்டும் நன்றாகவே ஆடித் தொலைப்பார். மற்ற நாளெல்லாம் லாடி மரப்பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, எதிராளியின் காலசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு வேலையும் இருந்தது. மெர்லின் புதுக் கிளவுஸைப் பழக்குவது.

புதுத்தோல் பலகை மாதிரி விறைத்திருக்கும். எண்ணெய் போட்டுத் தேய்த்து, பந்தை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். காலையில் எடுத்து முந்நூறு நானூறு பந்து பிடிக்க வேண்டும். ஒரு மாதம் இப்படிச் செய்தால்தான் கை சொன்னபடி தோல் மடியும். மெர்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாற்று ஆட்டக்காரன் முதல் ஆட்டக்காரனுக்குக் கிளவுஸ் பழக்கித் தருவது அந்தக் காலத்தில் எல்லா டீமிலும் உண்டு. யாரும் கேவலமாக நினைத்ததில்லை. 'கல்யாணமான முதல் வருஷம் பூரா மெர்லோட கிளவுஸ் மேலதான் படுத்தேன்' என்று வில்மா விருந்துகளில் சொல்லிச் சிரிப்பாள். இந்த மூன்று நாளாக அதைச் சொல்லவில்லை.

ஆட்டம் ஓய்ந்ததும் மெர்ல் மேனேஜரானார். கூடவே லாடியைக் கோச்சாக அழைத்துக்கொண்டார். இருபத்துநாலு வருஷம், ஐந்து ஊர். கடைசி ஆறு வருஷமாக லாடியின் சொந்த ஊரான இந்தக் கார்வர் பெண்ட். இந்த மட்டத்து டீம்களில் மேனேஜரே மூன்றாவது பேஸ் பக்கம் போய் நின்று ஓடுகிறவனுக்குக் கைகாட்டுவார். மெர்லுக்கு இடுப்பு போய்விட்டது, நிற்க முடியாது. அதனால் அவர் பெஞ்சுப் படியில் இருந்து சைகை செய்ய, லாடி மைதானத்தில் நின்று கைகாட்டினார். பந்து அடிபட்டதும் லாடி கையைச் சக்கரமாகச் சுழற்றினால் ஓடுகிறவன் மூன்றாவது பேஸைத் தாண்டி, ரன் கிடைக்கிற கடைசி இடமான ஹோமுக்கு ஓட வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் நிற்க வேண்டும்.

சில்லறைச் சைகைகளை வாராவாரம் மாற்றுவார்கள். மூன்று மட்டும் மாறியதே இல்லை, இரண்டு பேரும் இளவட்டமாக இருந்த காலத்துச் சைகைகள். மெர்ல் தொப்பி விளிம்பை இரண்டு தடவை தொட்டால், என்ன ஆனாலும் சரி, அனுப்பு. உள்ளங்கையால் நெஞ்சைத் துடைத்தால், முன்னே சொன்னதெல்லாம் ரத்து. லாடி இரண்டு தடவை கைதட்டினால், பார்த்துவிட்டேன், செய்கிறேன். பெஞ்சில் உட்காருகிற எல்லாப் பையன்களுக்கும் ஒரே மாதத்தில் இது பாடமாகிவிடும். வில்மாவுக்கு ஆடுகளத்தில் வேறு எது புரியாவிட்டாலும் இந்த மூன்றும் புரியும்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம், கடைசிக் கட்டம். ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாவது பேஸில் ஹோவி சாயர் நின்றான். ஹோமில் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேச்சர், கனத்த உடம்பு, வலது முட்டியில் ஒரு வாரமாகக் கட்டு. மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடியும், ஒருத்தன்தான் ஆகியிருந்தான். எதிர் டீமின் இடதுபக்க ஆள் நன்றாக முன்னால் வந்து நின்றிருந்தான். தரையோடு பந்து போனால் ஹோவியை மூன்றாவது பேஸில் நிறுத்த வேண்டும், அடுத்தவன் பார்த்துக்கொள்வான். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. லாடி பெஞ்சைப் பார்த்தார். மெர்ல் படிமேல் முன்னால் வந்து, பையன்களுக்கு முதுகைக் காட்டியபடி, தொப்பி விளிம்பை இரண்டு தடவை தொட்டார். லாடி மறுபடி பார்த்தார். மெர்ல் மறுபடி தொட்டார். நெஞ்சைத் துடைப்பாரென்று லாடி கடைசி நொடிவரை காத்திருந்தார். துடைக்கவில்லை. லாடி இரண்டு தடவை கைதட்டினார்.

பந்து தரையோடு இடதுபக்கம் போனது. லாடி கையைச் சுழற்றினார். ஹோவி ஓடினான். அவன் போய்ச் சேருமுன்னே பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஹோமுக்குப் பத்தடி முன்னால் பந்தோடு காத்திருந்த எதிர் டீம் கேச்சர்மேல் மோதி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அடுத்து ஆடியவனும் அவுட். அவ்வளவுதான் சீசன்.

புதன்கிழமை லாடி மச்சினன் ஓட்டோவின் முடிவெட்டுக் கடைக்குப் போனார். கடைசிக் கட்ட ஆட்டங்கள் நடக்கும்போது அவர் தலைமுடியில் கத்தி வைப்பதில்லை, வைத்தால் தோற்போம் என்று ஒரு நம்பிக்கை. தோற்றாகிவிட்டது, இனி வெட்டலாம்.

"வா மச்சான்," என்று ஓட்டோ துணியை உதறிக் கழுத்தில் கட்டினான். "கழுத்தை ஆட்டாம உக்காரு. ஊருல பாதிப் பேரு உன் கழுத்தைத்தான் கேக்கறான். நான் பாட்டுக்கு இங்கயே வெட்டிக் குடுத்துட்டா பொல்லாப்பு."

"முடியை மட்டும் வெட்டு."

"அந்தப் பையனுக்கு முட்டி சரியில்லைன்னு என் கடை வாசல்ல படுக்கற நாய்க்குக்கூடத் தெரியுமே. ஏன் அனுப்பினே?"

"அனுப்பினேன்."

"அதான் ஏன்?"

காத்திருப்பு நாற்காலியில் ஆலைக்காரன் ஒருவன் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான். "அனுப்பவே இல்லைங்கறேன். சட்டைக்குள்ள எறும்பு பூந்திருக்கும். கையை உதறியிருப்பாரு. அந்தப் பையன் அதைப் பாத்து ஓடிட்டான்."

கடையே சிரித்தது. லாடியும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம். வருகிற நவம்பரில் இதே ஆட்களோடுதான் ஆலையில் மூட்டை ஏற்ற வேண்டும். ஆட்டம் இல்லாத மாதங்களில் அவருக்கு அங்கேதான் வேலை.

ஓட்டோ குரலைத் தாழ்த்தினான். "மெர்ல் நேத்து வந்திருந்தான். உன்னை நெனச்சு ரொம்ப வருத்தப்பட்டான், பாவம்."

"என்ன சொன்னான்?"

"வயசாச்சு ஓட்டோ, ஒரு வருஷமாவே அவனுக்குக் கண்ணு மங்கிட்டு வருது, சொன்னா மனசு ஒடைஞ்சிடுவான்னு நான்தான் மூடி மூடி வச்சேன்னான். என்கிட்டகூட நீ சொல்லலை பாத்தியா? என்ன, புரையா?"

லாடி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஆற்றின் அக்கரையில் தீவனக்கடைப் பலகை. கோழித் தீவனம், பன்றித் தீவனம், குதிரைக்கு உப்புக்கட்டி, ஞாயிறு விடுமுறை. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை," என்றார்.

"அப்ப அவன் ஏன் அப்படிச் சொல்றான்?"

"முடியை வெட்டு ஓட்டோ."

லாடி வீட்டுக்கு நடந்தார். பேப்பர்காரனிடம் மெர்ல் சொன்னதை மன்னித்துவிட அதுவரை அவர் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டம் தோற்ற சூட்டில் எதையாவது சொல்லியிருப்பான், நாலு நாளில் வந்து தோளில் கைபோட்டு 'மன்னிச்சுக்கடா' என்பான் என்று. முடிவெட்டுகிற நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய்க்கு எந்தக் காரணமும் அகப்படவில்லை. ஓட்டோ சொன்னதை வில்மாவிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று வீட்டில் இரண்டு தட்டு உடைந்தது.

வியாழக்கிழமை வில்மா கசகசா வைத்த கொலாச்சி பன்னிரண்டை டப்பாவில் அடுக்கிக் கொடுக்க, லாடி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹோவி இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. மே மாதத்திலிருந்து ஆட்டம் இல்லாத ஞாயிறெல்லாம் லாடி வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. பன்றி வறுவலும் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவான்.

"வில்மா குடுத்தனுப்பினா," என்றார் லாடி.

"அங்க வைங்க கோச்."

வைத்தார். உட்காரச் சொல்வானென்று பார்த்தார். சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டார். "டாக்டர் என்ன சொல்றாரு?"

"நடக்கலாமாம். மெதுவா ஓடக்கூடச் செய்யலாமாம். ஆனா முட்டியை மடக்கிக் குந்தக்கூடாதாம், ஆயுசுக்கும்." ஹோவி ஒரு மாதிரி சிரித்தான். "குந்தாத கேச்சரை எந்த டீம்ல கோச் எடுப்பாங்க? அப்பா வந்துட்டுப் போனாரு. பன்னிப் பண்ணையில எனக்கு எப்பவும் எடம் இருக்காம்."

லாடி டப்பாவை மேஜையோரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன் கோச். அஞ்சு மாசமா அந்த மாதிரிப் பந்துக்கு நீங்க என்னை அனுப்பினதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நீ எருமைடா, உன்னை நிறுத்தறதுதான் எனக்கு வேலைன்னு கிண்டல் பண்ணுவீங்க. அன்னிக்கு மட்டும் ஏன்?"

வாய்வரை வந்தது. மெர்ல் தொட்டான், இரண்டு தடவை, அப்புறம் மறுபடியும். நாலு வார்த்தை. முப்பத்துமூன்று வருஷமாகப் பெஞ்சுச் சைகை எதையும் அவர் வெளியே சொன்னதில்லை. அதுவும் தன் தலை தப்புவதற்காகச் சொல்கிற கோச்சை அவர் எச்சிலாக மதிப்பார்.

"தப்பு நடந்து போச்சு, ஹோவி."

"யாரோட தப்பு?"

"கை என்னோடதுதானே."

ஹோவி மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் பந்து எங்க இருக்குன்னு திரும்பிக்கூடப் பாக்கலை கோச். உங்க கையை மட்டும்தான் பாத்தேன்."

அவர் கிளம்பும்போது, டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். பசியில்லையாம். பன்னிரண்டு கொலாச்சியோடு வாசலுக்கு வந்த லாடி, காரில் ஏறி சாவியைப் போடாமல் கொஞ்சநேரம் அழுதார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெர்ல் டிரம்மண்ட் வந்தார். புதுக் கோட்டு, ஓட்டோ கடையில் வெட்டின ஒழுங்கான தலை, கையில் தடி. எப்போதும்போலத் தட்டாமல் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, எப்போதும்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வில்மா, வாசலுக்கே மணக்குதே! ஒண்ணு குடு."

வில்மா கொலாச்சித் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"சரி, கோபமாத்தான் இருப்பே," என்றார் மெர்ல். "லாடி, நான் முன்னாடியே வந்திருக்கணும். ஒரு விஷயம் முடியட்டும்னு இருந்தேன். மேல இருந்து கூப்பிட்டுட்டாங்கடா. பெரிய டீம். ஏப்ரல்ல இருந்து பெரிய மைதானத்துல, பெஞ்சுல எனக்கு எடம். முப்பத்துமூணு வருஷம், நெனச்சுப் பாரு!"

லாடிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது. பழக்கதோஷம். "நல்ல சேதி மெர்ல்," என்றார்.

"ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அந்த ஹோவி பையன் விஷயம் அங்கவரைக்கும் போயிருக்கு. முட்டி போனவனை அனுப்பச் சொன்னது நீயான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

"இல்லைன்னுட்டே."

"வேற என்னடா சொல்றது? கேளு. ஞாயித்துக்கிழமை மைதானத்துல விருந்து. வருஷாவருஷம் மாதிரி கோச்சுங்க ஆளுக்கு நாலு வார்த்தை பேசுவோம். நீ மைக்ல, என் கணக்கு தப்பிப் போச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஜனங்க கைதட்டுவாங்க. நம்ம ஊர்க்காரன், நேர்மையானவன்னு தூக்கி வச்சுக்குவாங்க. பேப்பர்ல வரும், அவங்க படிப்பாங்க, முடிஞ்சுது கதை."

"அப்புறம் லாடி?" என்று கேட்டாள் வில்மா.

"நான் மொதல்ல உள்ள போய்க் காலை ஊனிக்கறேன் வில்மா. அப்புறம் இவனைக் கூப்பிட்டுக்கறேன். எப்ப விட்டுட்டுப் போனேன் இவனை?"

"அடுத்த வருஷம் இங்க மூணாவது பேஸ்ல யாரு நிக்கறது?" என்றார் லாடி.

மெர்ல் தடியின் பிடியைத் தடவினார். "முதலாளி ஒரு சின்ன வயசுக்காரனைப் பாத்திருக்காரு. ஜனங்க கத்தறாங்க இல்லையா. நான் ஒண்ணும் சொல்லலை."

"என் கண்ணு மங்கிடுச்சுன்னு சொன்னியே, அது அவருகிட்டயுமா?"

குழாயில் தண்ணீர் சொட்டியது.

"ஒரு காரணம் வேணுமில்லடா," என்றார் மெர்ல். "கண்ணுன்னா யாரும் தப்பா நெனைக்கமாட்டான். கௌரவமான காரணம்."

"ஆட்டத்துலயும் எனக்குன்னு ஒண்ணுமில்லாமப் போச்சு," என்றார் லாடி, தனக்குள் பேசுவதுபோல. "ஒரே ஒரு வருஷம் தினம் ஆடியிருந்தா என் பேரும் எங்கயாவது இருந்திருக்கும். ஒரு டீம்கூட என்னைக் கேட்டு வரலை. அதுக்கு யாரை நொந்துக்கறது? கோச் வேலையாவது எனக்குன்னு இருந்துது."

"யாரும் கேக்கலைன்னு யாருடா சொன்னது?" என்று மெர்ல் வாயை விட்டுவிட்டு, சட்டென்று நிறுத்தினார்.

வில்மா கைத்துணியைக் கீழே வைத்தாள். "யாரு கேட்டா?"

"பழைய கதை, விடு."

"மெர்ல், யாரு கேட்டா?" என்றார் லாடி.

மெர்ல் பெருமூச்சு விட்டார். "அம்பத்தொண்ணாம் வருஷத்துல. மேற்க, மலைப்பக்கத்து டீம் ஒண்ணு. அவங்க ரெண்டாவது பேஸ்காரனுக்குக் கால் ஒடைஞ்சு போச்சு. தினம் ஆடறதுக்கு லாடி தாங்குவானான்னு நம்ம மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நீதானே அவனோட ரூம்ல தங்கறே, உனக்குத்தான் தெரியும்னாரு. தோள் அவ்வளவு பலமில்லை, வாரத்துக்கு ஒரு ஆட்டம் தாங்கும், அதுக்கு மேல தாங்காதுன்னேன்."

"என் தோளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை."

"பின்ன ஏன்டா?"

"உன் நல்லதுக்குத்தான்! அங்க போயிருந்தா ரெண்டு மாசத்துல கால் சரியானவன் திரும்பி வந்திருப்பான், உன்னைத் தூக்கித் தெருவுல போட்டிருப்பாங்க. என்கூட இருந்ததாலதான்டா உனக்கு இத்தனை வருஷம் வண்டி ஓடுச்சு. நான் உன்னைக் கைவிடலை, வச்சுக்கிட்டேன்!" மெர்லின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. தான் செய்தது உபகாரம் என்று அந்த மனுஷன் மனப்பூர்வமாக நம்பினார். லாடிக்கு அதுதான் தாங்கவில்லை.

"எந்த மாசம்?" என்று கேட்டார்.

"என்ன?"

"அம்பத்தொண்ணுல எந்த மாசம்?"

"ஜூலை."

"ஜூலையில உன் கிளவுஸ் கிழிஞ்சு போச்சு. புதுசு வாங்கினே. வில்மா அப்ப மாசமா இருந்தா. மெத்தைக்கு அடியில மேடா இருந்தா படுக்க முடியலைன்னா. நான் அதை என் தலைகாணிக்கு அடியில வச்சு ஒரு மாசம் படுத்தேன். கழுத்து சுளுக்கிக்கிச்சு. நீகூடச் சிரிச்சே." லாடியின் குரல் உயரவே இல்லை. "சிரிச்சே இல்ல?"

மெர்ல் எழுந்தார். எழுவதற்குக் கஷ்டப்பட்டார். முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக லாடி கைகொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பேசுவேதானே?" என்று கதவருகே நின்று கேட்டார் மெர்ல்.

"வருவேன்," என்றார் லாடி.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. ஆற்றுப்பக்கக் காற்று, வறுத்த ஓட்ஸ் வாசனை. மைதானத்துப் புல்மேல் நீள மேஜைகள் போட்டு, பன்றியிறைச்சி அடுக்கின ரொட்டியும் வேகவைத்த சோளமும் பீப்பாய் பீரும் வைத்திருந்தார்கள். சீசன் முடிந்தால் டீம் ஊருக்குப் போடும் சாப்பாடு. தோற்ற வருஷம் என்பதால் யாரும் குறைத்துச் சாப்பிடவில்லை. பந்து வீசும் மேட்டில் மைக். அதன் எதிரே இரண்டு வரிசை மடக்கு நாற்காலிகளில் ஆட்டக்காரர்கள். முதல் வரிசை ஓரத்தில் ஹோவி, மாவுக்கட்டுக் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். மேட்டுக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரியவர்களோடு மெர்ல்.

"என்ன சொல்லப்போறே?" என்று வில்மா காரிலேயே கேட்டிருந்தாள்.

"தெரியலை."

"அவன் கேட்டதைச் சொன்னே, நான் ஓட்டோ வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா சொல்லலை."

"சைகையை வெளிய சொல்லமாட்டேன் வில்மா. அவனுக்காக இல்லை. அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் யாரு?"

வில்மா கோபத்தில் தொப்பி ஊசியை மாற்றிக் குத்திக்கொண்டாள்.

லாடியின் பேரைக் கூப்பிட்டதும் பின்பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் ஊளையிட்டார்கள். "கையை ஆட்டாதே லாடி, யாராவது ஓடிடப்போறான்!" சிரிப்பு. லாடி மேட்டில் ஏறினார். ஆட்டத்தொப்பியைத்தான் போட்டிருந்தார். மைக்கைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஹோவியை நான்தான் அனுப்பினேன்," என்றார். "சுத்தினது என் கை. அதுல பொய் இல்லை. ஹோவி, உன் கால் போனதுக்கு நான் சாகறவரைக்கும் வருத்தப்படுவேன்."

கூட்டம் அடங்கியது. யாரோ கைதட்ட, சிலர் சேர்ந்துகொண்டார்கள். மெர்ல் தலையை அசைத்தார், பக்கத்துப் பெரியவரிடம் 'பாத்தீங்களா' என்பதுபோலத் திரும்பினார். ஹோவி தன் கட்டுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கண்ணு நல்லா இருக்கு," என்றார் லாடி. "அனுப்பறதுக்கு முன்னாடி, எப்பவும்போல பெஞ்சைப் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. வலதுகையைத் தூக்கித் தொப்பி விளிம்பைத் தொட்டார். மறுபடி தொட்டார். கையைக் கீழே விட்டு, அன்றைக்கு நின்ற அதே அளவு நேரம் நின்றார். திரும்பவும் கையைத் தூக்கினார். ஒரு தடவை. இரண்டு தடவை.

ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். "என்ன பண்றான் உன் புருஷன்?" என்று ஓட்டோ கேட்டான். வில்மா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வரிசை நாற்காலிகளில் ஒருத்தன்கூடக் கைதட்டவில்லை. ஹோவிதான் முதலில் நிமிர்ந்தான். லாடியைப் பார்த்தான், பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மெர்லைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவனாக, அத்தனை பையன்களும் மெர்லைப் பார்த்தார்கள்.

மெர்லின் முகத்தில் ரத்தமில்லை. அவர் கை தானாக மேலே வந்தது. உள்ளங்கையால் நெஞ்சைத் துடைத்தார், தோளிலிருந்து இடுப்புவரை. முன்னே சொன்னதெல்லாம் ரத்து. லாடி பார்க்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் துடைத்தார். அதையும் பையன்கள் பார்த்தார்கள்.

லாடி நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டேன் என்பதற்கு இரண்டு தடவை கைதட்ட வேண்டும். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, வில்மா உட்கார்ந்திருந்த மேஜையைப் பார்த்து நடந்தார்.